வெற்றிலை வாய் மீன்கள்

றலியா: இது... இந்தா, பட்டுச் சீலைய விரிச்ச மாதிரி வால ஆட்டுதே, இதத் தாங்க மகள். வேற ஒண்டும் பாக்கத் தேவையில்ல.

மஸீனா: அத நான் விக்க மாட்டேன் மாமி.

றலியா: ஏன், ஆராச்சும் சொல்லி வெச்சிரிக்காங்களா?

மஸீனா: இல்ல. அதுக்குச் சுகமில்ல. கிட்ட வந்து மேலால பாருங்க. செதிள் படிஞ்சி இரிக்கா, எழும்பி நிக்குதா?

றலியா: எனக்கு மினுங்குறது தான் தெரியுது.

ஸக்கியா: எழும்பித்தான் நிக்குது சாச்சி. அன்னாசித் தோல் மாதிரி.

மஸீனா: அதான் ராத்தா. வயித்துல தண்ணி கோத்துக்கிட்டா அப்படித்தான் நிக்கும். இன்னும் நாலஞ்சு நாள் கிடக்கும். அது வரைக்கும் நல்லா மினுங்கும்.

றலியா: பாக்க மாப்பிள்ளை மாதிரி இரிக்கு, பாவம்.

மஸீனா: ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்தது. கொழும்பில இறங்கி, கோச்சி வண்டியில கண்டிக்கு. வழி முழுக்க ஒரே தகரத்துல நாப்பது மீன். வேற எப்படி இரிக்கும்?

ஸக்கியா: விக்க மாட்டீங்க எண்டா ஏன் மகள் முன்னுக்கு வெச்சிரிக்கிங்க?

மஸீனா: இந்த முத்தத்துல அந்த இடத்துல தான் காலை வெயில் விழும். தண்ணி கொஞ்சம் சூடா இரிக்கும். இரிக்கிற நாளைக்காவது சுகமா இரிக்கட்டும் எண்டு. மீன் ஆருக்கு ராத்தா?

ஸக்கியா: என்ட தம்பிக்கு.

மஸீனா: சின்னப் புள்ளயா?

றலியா: சின்னப் புள்ளயாம். இருவத்தாறு முடிஞ்சி...

ஸக்கியா: சாச்சி.

றலியா: மீசையும் இரிக்கு எண்டு சொல்ல வந்தேன்.

மஸீனா: மீன் வளத்துப் பழக்கம் இரிக்கா அவருக்கு?

ஸக்கியா: இரிக்கு. வீட்டில ஒரு கண்ணாடிப் போத்தல்ல...

மஸீனா: உருண்டையா, சதுரமா?

ஸக்கியா: உருண்டை.

றலியா: சதுரம்.

ஸக்கியா: முதல்ல உருண்டை. இப்ப சதுரம். நான் அதுல கை வைக்கிறதில்ல மகள், அவன் விட மாட்டான். சுத்தி வரத் தூசி தட்டுறதோட சரி.

மஸீனா: என்ன மீன் இரிக்கு அதுல?

ஸக்கியா: சின்னச் சின்னது. சாம்பல் நிறம். கிழமைக்குக் கிழமை குட்டி போடுது.

மஸீனா: நுளம்புப் புழுவத் தின்னட்டும் எண்டு கிணத்துல விடுற மீன். நல்லம். அதோட சண்டை பிடிக்காத மீனாப் பாக்கணும். தண்ணி எப்படி? எந்த ஊர் நீங்க?

ஸக்கியா: ஊர்... தெல்தோட்டை.

மஸீனா: ஆ. குளிர் தண்ணி.

றலியா: அந்தக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல பஸ் நிண்டு நிண்டு வந்து, எனக்குத் தல சுத்து இன்னும் நிக்கல்ல.

மஸீனா: தெல்தோட்டை பஸ் கட்டுகஸ்தோட்டையாலயா வருது மாமி? அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் இல்லையா?

ஸக்கியா: இல்ல, அங்க சொந்தக்காரங்க வீடு ஒண்டுக்குப் போயிட்டு வாறோம்.

றலியா: ஓ. மையத்து வீடு.

ஸக்கியா: கலியாண வீடு.

மஸீனா: ரெண்டும் ஒரே வீட்டிலயா?

ஸக்கியா: சாச்சிக்குத் தல சுத்து மகள். அவங்க சொல்றத எடுக்க வேணாம்.

மஸீனா: அப்ப நிக்க வேணாம் மாமி, கதிரையில இரிங்க. இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டு வாறேன். உம்மா பக்கத்து வீட்டுக்குப் புள்ள பாக்கப் போயிட்டாங்க. வாப்பா முன்னால லாம்புக் கடையில. இங்க நான் மட்டும் தான்.

ஸக்கியா: உங்களுக்கேன் மகள் கஷ்டம்...

மஸீனா: என்ன கஷ்டம். போத்தல்ல மட்டும் கை விட வேணாம், மாமி.

றலியா: நான் விடல்லயே.

மஸீனா: விரல் நனைஞ்சிரிக்கு.

றலியா: ... போயிட்டாளா?

ஸக்கியா: போயிட்டா. மெதுவாக் கதைங்க.

றலியா: இவ்வளவு நேரம் பேசாம இருந்தேன். நாம பொண்ணு பாக்க வந்தமா, மீன் பாக்க வந்தமா?

ஸக்கியா: பொண்ணத் தானே பாத்துக்கிட்டு இரிக்கேன்.

றலியா: சொல்லிட்டு முறையா வந்திரிந்தா இப்ப வட்டிலாப்பம் வந்திரிக்கும்.

ஸக்கியா: வந்திரிக்கும். பட்டு உடுத்தி, நகை போட்டு, தலையக் குனிய வெச்சி இருத்தியிரிப்பாங்க. ஒரு வார்த்தை கதைக்காது. நாம வட்டிலாப்பத்தத் தின்னுட்டு, முகத்தப் பாத்துட்டு எழும்பி வரணும். அத வெச்சி என்னத்த அறியிற? கலியாணம் முடிஞ்சா தம்பி ஹலீம் இந்த வீட்டுக்குத் தானே வந்து இரிக்கணும் சாச்சி. காய்ச்சல் வந்த வருசம் உம்மா மௌத்தான நாள்ல இருந்து என்ட கையால சோறு திண்ட புள்ள. எந்த வீட்டுக்கு அனுப்புறேன் எண்டு பாக்காம அனுப்பவா?

றலியா: பாத்தியே. எப்படி? எனக்கெண்டா நல்லாப் புடிச்சிரிக்கு. நிறம் கொஞ்சம் மட்டு. கண் மிச்சம் நல்லம். சாகப் போற மீன வெயில்ல வெச்சிப் பாக்குற கை, மாப்பிள்ளை மச்சிமார நல்லாத்தான் பாக்கும்.

ஸக்கியா: அதான் சாச்சி பயமா இரிக்கு.

றலியா: நல்லா இரிந்தாலும் பயமா?

ஸக்கியா: யோசிச்சிப் பாருங்க. ஒரே மகள். கடை, வீடு, மரியாதையான வாப்பா. இப்படிப்பட்டவங்க தாங்களே தரகர் பளீல் நானாவ நம்மட வீட்டுக்கு அனுப்பி மாப்பிள்ளை கேக்குறாங்க. ஆர? நொத்தாரிசு கந்தோர்ல காணி உறுதி நகல் எழுதுற ஒருத்தன. ஏன்? எங்கயோ ஒரு குறைய மறைக்கிறாங்க.

றலியா: நாம ஒண்டும் மறைக்காத மாதிரி. ஹலீமுக்குப் பேச்சு திக்கும் எண்டு பளீல் நானாகிட்டச் சொன்னியா?

ஸக்கியா: சொல்லல்ல.

றலியா: ஸக்கியா...

ஸக்கியா: அக்குறணை ஆக்கள் வந்த நாள் உங்களுக்கு மறந்திட்டா? பேர் என்ன எண்டு தான் கேட்டாங்க. வேற ஒண்டும் இல்ல, பேர். ஹ... ஹ... எண்டு என்ட தம்பி வேர்த்து ஊத்த நிக்கிறான். அந்த மனிசன் என்ன சொன்னான்? 'நிக்காஹ் சபையில ஏத்துக்கிட்டேன் எண்டு கபூல் சொல்லணுமே, இவர் அந்த ஒரு வார்த்தையச் சொல்ல விடிஞ்சிரும் போல' எண்டான். எல்லாரும் சிரிச்சாங்க. ஊத்தி வெச்ச தேத்தண்ணிய அப்படியே விட்டுட்டு எழும்பிப் போயிட்டாங்க. அந்தக் கோப்பைய எல்லாம் கழுவினது நான். இன்னொரு தடவ கழுவ ஏலா எனக்கு.

றலியா: சொல்லாம முடிச்சி, பிறகு தெரிஞ்சா?

ஸக்கியா: அப்ப கலியாணம் முடிஞ்சிரிக்கும்.

றலியா: வாறா, வாறா.

மஸீனா: சூடா இரிக்கு, பாத்துக் குடிங்க. மாமி, இது உங்களுக்கு. ராத்தா, இது உங்கட.

றலியா: ம்... அல்லாவே, சீனி இப்படித்தான் வேணும். எல்லா வீட்டிலயும் எனக்கு ரெண்டாம் தடவ கேக்க வேண்டி வரும். உங்களுக்கு எப்படி மகள் தெரிஞ்சிது?

மஸீனா: தல சுத்துக்குச் சீனி நல்லம் எண்டு போட்டேன்.

ஸக்கியா: மகள், அந்த மூலைப் போத்தல்ல தனியா இரிக்கிறது என்ன? செம்பு நிறத்துல.

மஸீனா: நீங்க என்ன நினைக்கிறீங்க?

றலியா: பெரிய இடத்து மீன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

மஸீனா: சந்தையில ஒருத்தன் 'சீனத்து மீன்' எண்டு சொல்லித்தான் ஒரு வாத்தியார்ட்ட வித்தான். வாத்தியார் வீட்டுத் தொட்டியில முதலே ஒம்பது மீன் இரிந்தது. மூணாம் நாள் பாத்தா இது மட்டும்.

றலியா: மத்தது?

மஸீனா: இதுட வயித்துல. போத்தலோட கொண்டு வந்து தந்துட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டார்.

றலியா: பெரிய இடத்து மீன் தான் எண்டேனே.

மஸீனா: சீனமும் இல்ல ஒண்டும் இல்ல மாமி. நம்மட ஓடையில இரிக்கிற மீன். சிங்களத்துல தல்கொஸ்ஸா எண்டுவாங்க. வால் ஓரத்தப் பாருங்க, சீப்புப் பல்லு மாதிரி நூல் நூலா நீட்டிக்கிட்டு இரிக்கா? அத வெச்சி அடையாளம் கண்டுக்கலாம். பிறகு வாய். வாய் பெரிசு எண்டா, அதுக்குள்ள போற எல்லாம் அதுக்குத் தீன் தான்.

ஸக்கியா: அப்ப கெட்ட மீனா?

மஸீனா: பாவம், அது என்ன செய்யும். தனியா ஒரு தொட்டியில ஒரு சோடிய விட்டுப் பாருங்க, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குஞ்சுக்குக் காவல் நிக்கும். பிழை வாத்தியார்ட. பேரக் கேட்டார், வாயப் பாக்கல்ல.

ஸக்கியா: இவ்வளவும் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்த?

மஸீனா: செத்த மீன் தான்.

றலியா: என்ன?

மஸீனா: முதல் வருசம் நான் கொன்னது முப்பதுக்கு மேல. ஒவ்வொண்டும் எந்த நாள், என்ன தின்னிச்சு, தண்ணி எப்ப மாத்தினேன் எண்டு எழுதி வெச்சேன். பிறகு எழுதினத வாசிச்சிப் பாத்தா, முக்கால்வாசி பசியால சாகல்ல. நான் அன்புல கூடப் போட்டதால செத்தது.

ஸக்கியா: அன்புல...

மஸீனா: ஓ. பசிச்ச மாதிரி மேல வந்து வாயத் திறக்கும். நமக்கு மனசு கேக்காது. போட்டுக்கிட்டே இருப்போம். மிச்சம் அழுகி, தண்ணி கெட்டு...

றலியா: கேளு ஸக்கியா. ஹ... தம்பிக்கு நீ மூணாம் தடவ சோறு போடுறத இனி விடு.

ஸக்கியா: நீங்க தேத்தண்ணியக் குடிங்க சாச்சி.

மஸீனா: ராத்தா, உங்களுக்குக் காட்ட ஒரு சோடி மீன் வெச்சிரிக்கேன். இங்கால வாங்க. படிக்குக் கீழ, நிழல்ல.

றலியா: எங்க? ஒண்டும் இல்லயே. ஆ... இந்தச் சாம்பலா? மகள், நாங்க காசு குடுத்து வாங்க வந்திரிக்கோம்.

மஸீனா: தட்ட வேணாம் மாமி, கண்ணாடியத் தட்ட வேணாம்... போச்சி. ஒளிஞ்சிட்டு.

றலியா: தொட்டா சுருங்கியா இரிக்கே. மங்கல் நிறம், பக்கத்துல ரெண்டு மூணு அழுக்குக் கோடு. பாசிக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு முகத்தையும் காட்டுதில்ல.

மஸீனா: முந்தாநாள் தான் வந்திச்சு. கித்துல்கலைப் பக்கத்து ஓடையில, மரத்து நிழல்ல ஓடித் திரிஞ்ச மீன். வெளிச்சத்துல தூக்கி வெச்சி நாலு பேர் குனிஞ்சி பாத்தா நிறம் வடிஞ்சிரும். கடைக்காரங்க இதப் பாத்துட்டுக் கழிச்சி ஓடையில கொட்டிருவாங்க. ஆரும் கேக்க மாட்டாங்க எண்டு.

ஸக்கியா: நாலு பேர் பாத்தா... நிறம் போயிருமா?

மஸீனா: போயிரும் ராத்தா. உள்ளுக்க தான் இரிக்கும். வெளிய வராது.

ஸக்கியா: பிறகு வருமா?

மஸீனா: வரும்.

ஸக்கியா: எவ்வளவு நாளைக்கு?

மஸீனா: மூணு கிழமை. சிலதுக்கு ஒரு மாசம். அவசரப்படுத்த ஏலா. நிழல் குடுக்கணும், ஒளிய பாசி குடுக்கணும், நாம பக்கத்துல வழமையா நடமாடணும். ஆனா குறுகுறுண்டு பாக்கப்படாது. ஒரு நாள் காலையில தானா முன்னுக்கு வந்து நிக்கும்.

றலியா: அப்படி ஒரு மாசம் காத்திரிந்து என்ன, இந்தச் சாம்பல் கறுப்பாகுமா?

மஸீனா: மாமி, கோப்பைய வெச்சிட்டு இங்க வாங்க. ராத்தா நீங்களும். இந்தச் சீமெந்துத் தொட்டி. மெதுவா. நிழல் விழாம இந்தப் பக்கத்தால குனிஞ்சி... இப்ப பாருங்க. வாழை இலைக்குக் கீழ.

றலியா: எங்க... அல்லாவே.

மஸீனா: மெதுவா மாமி.

றலியா: இது அந்த மீனா?

மஸீனா: அதே மீன். தை மாசம் வந்தது.

ஸக்கியா: ஸுப்ஹானல்லாஹ்... உடம்பு பின்னால கருந் துப்பட்டி மாதிரி... தல முழுக்க... இது என்ன செகப்பு மகள்? இப்படி ஒரு செகப்ப நான் எந்தச் சீலையிலயும் பாக்கல்லயே.

மஸீனா: சிங்களத்துல புலத் ஹப்பயா எண்டு சொல்வாங்க. வெத்திலை சப்பினவன் எண்டு. வாய் செவந்து இரிக்கிறதால.

றலியா: வெத்திலை சப்பினவன். நம்மட காதர் மாமா.

ஸக்கியா: அவருக்குப் பல்லு மட்டும் தான் செகப்பு. இது... பாருங்க சாச்சி, திரும்புறப்ப பச்சை ஒண்டும் ஓடுது. இவ்வளவையும் உள்ளுக்க வெச்சிக்கிட்டு அந்தப் போத்தல்ல சாம்பலா நிண்டிச்சா?

மஸீனா: ஓ.

ஸக்கியா: ஆரும் வேணாம் எண்டு கழிச்சிருவாங்க எண்டீங்களே. நீங்க எப்படிக் கண்டுக்கிட்டீங்க, இது இப்படி வரும் எண்டு?

மஸீனா: செட்டையப் பாத்து. முதுகுச் செட்டை முழுக்கக் கறுப்பு எண்டா ஆண். அடியில மட்டும் கறுப்பு எண்டா பெண். உடம்பு மங்கினாலும் செட்டை பொய் சொல்லாது. பிறகு, தீன் போட்டுப் பாத்தேன். ஆள் விலகின உடனே வந்து தின்னுது. பயந்த மீன் வேற, சுகமில்லாத மீன் வேற ராத்தா. பாக்க ரெண்டும் ஒரே மாதிரித் தான் இரிக்கும்.

றலியா: என்ன ஸக்கியா, கண் கலங்குது?

ஸக்கியா: இஞ்சி காரம்.

றலியா: தேத்தண்ணி உன்ட கையில அப்படியே இரிக்கே.

ஸக்கியா: மகள், அந்தப் போத்தல்ல இரிக்கிற சோடியத் தாங்க. சாம்பல் மீன. என்ட தம்பிக்கு அது தான் வேணும்.

மஸீனா: யோசிச்சிச் சொல்றீங்களா?

ஸக்கியா: யோசிச்சித் தான்.

மஸீனா: அப்ப பராமரிக்கிற முறைய எழுதித் தாறேன். எல்லாருக்கும் எழுதித் தான் குடுப்பேன். தாள் மட்டும் லாம்புச் சிமினி சுத்தி வாற ரோஸ் தாள். கடையில அது தான் கிடைக்கும்... நான் எழுதுறது அரபுத் தமிழ் ராத்தா. எழுத்து அரபு, பேச்சு நம்மட தமிழ். ஓதப் போன இடத்துல பழகினது. உங்களுக்கு வாசிக்க ஏலுமா?

ஸக்கியா: எனக்கு எந்த எழுத்தும் தெரியா மகள். காதால கேட்டு ஓதினது தான். ... இந்தத் தாள்.

மஸீனா: என்ன ராத்தா?

ஸக்கியா: ஒண்டும் இல்ல. என்ன எழுதினீங்க?

மஸீனா: 'காலையில ஒரு சிட்டிகை, அந்திக்கு ஒரு சிட்டிகை. பசிச்ச மாதிரி நடிக்கும், நம்ப வேணாம்.' இரிங்க, கொண்டு போறதுக்கு மூடி போட்ட ஒரு போத்தல் வாப்பாட்ட வாங்கிட்டு வாறேன்.

றலியா: ஏன் அந்தத் தாளப் பாத்து முழிக்கிற? பேய் எழுத்தா?

ஸக்கியா: சாச்சி... பெருநாளைக்கு முந்தி, உடுப்புக் கழுவ எடுக்கக்குள்ள ஹலீம்ட சட்டைப் பையில ஒரு துண்டு இரிந்தது. இதே ரோஸ். இதே மாதிரி அரபெழுத்து. பேச்சு திக்குறதுக்கு எந்த லெப்பையிட்டயோ ரகசியமா, கையில கட்டுற இஸ்ம் எழுதி வாங்கியிரிக்கான் எண்டு நினைச்சேன். மனசு உடைஞ்சி போச்சி எனக்கு. கை கால் கழுவி வுழுச் செஞ்சி, பச்சைச் சீலையில வெச்சித் தச்சி, அவன்ட கையில கட்டிவிட்டேன்.

றலியா: அவன் என்ன சொன்னான்?

ஸக்கியா: ஒண்டும் சொல்லல்ல. பாத்தான். பிறகு கைய நீட்டினான்.

றலியா: ... ரோஸ் தாள் கண்டியில எங்க இல்ல? இறைச்சிக் கடையிலயும் சுத்திக் குடுக்கிறான்.

ஸக்கியா: அரபெழுத்து எழுதியா குடுக்கிறான்?

றலியா: சும்மா இரி. வாறா.

மஸீனா: இந்தாங்க. ஒரு பாத்திரத்துத் தண்ணியில இந்தப் போத்தல மிதக்க விட்டு, ரெண்டு சூடும் ஒண்டான பிறகு தான் மீன விடணும். பிறகு ராத்தா... ஒரு குறை இரிக்கு. சொல்லிட்டுத் தான் தருவேன். ஆண் மீனுக்கு இடது பக்கத்துச் செட்டை நுனி கிழிஞ்சிரிக்கு. நீந்துறப்ப தெரியாது. நிக்கிறப்ப ஒரு பக்கம் சாயும்.

றலியா: நீங்க சொல்லல்ல எண்டா எங்களுக்குத் தெரிஞ்சிரிக்காதே.

மஸீனா: வீட்டுக்குப் போனா தெரிஞ்சிரும் மாமி. அப்ப உங்களுக்கு என் மேல கோவம் வராது, மீன் மேல தான் வரும். ஒவ்வொரு நாளும் அத ஒரு மாதிரியாப் பாப்பீங்க. மறைச்சது நான். அது என்ன செஞ்சிச்சு?

ஸக்கியா: மகள். போத்தலக் கீழ வைங்க.

மஸீனா: ஏன் ராத்தா, வேணாமா?

ஸக்கியா: நான் பொய் சொன்னேன். நாங்க தெல்தோட்டை இல்ல.

றலியா: நான் கடைக்குப் போய் வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிட்டு...

ஸக்கியா: இரிங்க சாச்சி. நாங்க அலவத்துகொட. மீன் வாங்க வரல்ல. உங்கட வாப்பா பளீல் நானாவ அனுப்பினது எங்கட வீட்டுக்குத் தான். உங்கள உங்களுக்குத் தெரியாமப் பாத்துட்டுப் போக வந்தோம். குறை இரிக்கா எண்டு தேட வந்தோம். உங்கள்ட ஒரு குறையும் இல்ல மகள். குறை எங்கட கையில இரிக்கு, அத மறைச்சது நான்.

மஸீனா: ராத்தா...

ஸக்கியா: சொல்ல விடுங்க, நிறுத்தினா பிறகு சொல்ல மாட்டேன். என்ட தம்பிக்குப் பேச்சு திக்கும். என்னோட கதைச்சா இல்ல. என்ட புள்ளைகளுக்குக் கதை சொல்றப்ப இல்ல. வேத்து ஆள் முகத்தப் பாத்தா வார்த்தை உள்ளுக்க போய் ஒளிஞ்சிக்கும். தன்ட பேரச் சொல்லவும் ஏலாமப் போயிரும். நல்ல புள்ள. அவன் எழுதுற எழுத்த நொத்தாரிசு மத்தவங்களுக்குக் காட்டுவாராம். ஆனா திக்கும். இத உங்கட வாப்பாட்ட நீங்களே சொல்லிருங்க. வேணாம் எண்டா, நாங்க கோவிக்க மாட்டோம். அவன் மேல மட்டும் ஆரும் சிரிக்க வேணாம்.

மஸீனா: வாப்பாவுக்குத் தெரியும் ராத்தா.

ஸக்கியா: என்ன தெரியும்?

மஸீனா: எல்லாம். எனக்கும் தெரியும்.

றலியா: ஆர் சொன்ன? பளீல் நானாவா?

மஸீனா: இல்ல, உங்கட தம்பியே. போன வருசம் ஒரு மழை நாள், கந்தோர் விட்டு வந்து கடை வாசல்ல நிண்டார். வாப்பா என்ன வேணும் எண்டு கேட்டார். வார்த்தை வரல்ல. வாப்பா ஒண்டும் சொல்லாம, ஒரு சிமினியத் துடைச்சிக்கிட்டே இரிந்தார். பிறகு அவர் பையில இருந்து ஒரு துண்ட எடுத்து எழுதிக் குடுத்தார். 'மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, பசியா, நோயா?' எண்டு. வாப்பா அத உள்ளுக்கக் கொண்டு வந்து தந்தார். நான் பதில் எழுதினேன்.

ஸக்கியா: 'பசிச்ச மாதிரி நடிக்கும்...'

மஸீனா: ஓ. அது தான் முதல் துண்டு. பிறகு கிழமைக்கு ஒண்டு. எல்லாம் வாப்பாட கையால தான் ராத்தா, எல்லாம் மீன் தான்.

றலியா: மீன் தானாம்.

ஸக்கியா: ஆனா மகள்... எத்தினையோ பேர் மீன் கேட்டு வருவாங்க. ஏன் அவன?

மஸீனா: மீன் செத்தா எல்லாரும் வேற மீன் கேப்பாங்க ராத்தா. 'நான் என்ன பிழை செய்தேன்?' எண்டு எழுதிக் கேட்டது அவர் மட்டும் தான். வாப்பா அத வாசிச்சிட்டு மடிச்சிப் பையில வெச்சார். அடுத்த நாள் பளீல் நானாவக் கூப்பிட்டார்.

ஸக்கியா: அப்ப இண்டைக்கு நாங்க வந்தது...

றலியா: தேத்தண்ணியில சீனி...

மஸீனா: முந்தாநாள் வாப்பாவுக்கு ஒரு துண்டு வந்திச்சு. இண்டைக்குக் காலையில தான் என்கிட்டத் தந்தார். இந்தா, வாசிக்கிறேன். 'மதிப்புக்குரிய மாமாவுக்கு. வியாழக்கிழமை என் ராத்தா மீன் வாங்குவதுபோல் உங்கள் வீட்டுக்கு வருவார். அவர்கள் குசினியில் சமைத்தபடி பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. கூட வரும் சாச்சிக்குச் சீனி அதிகம் வேண்டும். ராத்தாவுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்குப் பேச்சுத் திக்கும் என்பதை அவர் மறைக்கப் பார்ப்பார். பிழையாக எண்ண வேண்டாம், என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதை அவரால் தாங்க முடியாது. நீங்கள் என்னைக் கடை வாசலில் பார்த்தவர், உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் மீன் தீனி பற்றி எழுதித் தந்த துண்டை ராத்தா இஸ்ம் என்று நினைத்துப் பச்சைச் சீலையில் தைத்து என் கையில் கட்டிவிட்டார். நான் அதைக் கழற்றவில்லை.' ... அழ வேணாம் ராத்தா. மாமி, அவங்களுக்குக் கதிரைய இழுத்துப் போடுங்க. இந்தச் சோடிய நீங்க கொண்டு போக வேணாம், ஒரு தடவ இடம் மாறினதே அதுகளுக்குப் போதும், இங்கயே செவந்து நிக்கட்டும், அவர் வந்து பாக்கட்டும். பிறகு... மன்னிச்சிருங்க, குசினிச் சுவர் மெல்லிசு, தேத்தண்ணி ஊத்தக்குள்ள அக்குறணை ஆக்கள் சொன்னது எனக்கும் கேட்டிச்சு. போத்தல் எடுக்கப் போனப்ப வாப்பாட்டச் சொன்னேன், நிக்காஹ விடியக்காலை ஸுபஹுத் தொழுகை முடிஞ்ச கையோட வைப்போம், லெப்பையிட்டச் சொல்றேன் எண்டுட்டார். கபூல் சொல்ல அவருக்கு அந்தி வரைக்கும் நேரம் இரிக்கு.